கைக்கு ஏற்ற கொக்கி: பிரேஸ்லெட்டுக்குக் கம்பியிலேயே பூட்டு செய்யும் முழு வழிகாட்டி

அம்மாவுக்கு ஒரு பவழ மணி பிரேஸ்லெட் கோத்துக் கொடுத்தேன். ஆசையாக வாங்கிக்கொண்டாள், ஒரு வாரம் போட்டாள், அப்புறம் அது பீரோவுக்குள் போய்விட்டது. ஏன் என்று கேட்டால், "யாராவது மாட்டிவிட்டால்தானே போடமுடியும்" என்றாள். கடையில் வாங்கிப் பொருத்திய லாப்ஸ்டர் லாக் அது. கடுகு அளவுக்கு ஒரு நெம்புகோல், அதை நகத்தால் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடியே வளையத்தைத் தேட வேண்டும். கட்டைவிரலில் மூட்டுவலி உள்ளவருக்கு அது நடக்காத காரியம். அந்த லாக்கை வெட்டி எறிந்துவிட்டுச் செம்புக் கம்பியில் நானே ஒரு கொக்கி வளைத்து வைத்தேன். இன்று அதை அவளே போட்டு அவளே கழற்றுகிறாள்.

அன்றிலிருந்து மணி கோப்பதைவிடக் கொக்கி செய்வதில்தான் அதிக நேரம் செலவழிக்கிறேன். பிரேஸ்லெட்டில் அசையும் பாகம் அது ஒன்றுதான். தினமும் இழுபடுவதும், முதலில் கெட்டுப்போவதும் அதுவே. யாருடைய விரல் அதைப் போடப்போகிறது என்பதை முதலில் கேட்டுக்கொண்டு, அதற்கேற்பக் கம்பியின் கனம், வளைவு, கண்ணின் (கொக்கி மாட்டும் வளையத்தின்) அளவு எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள். கீழே சொல்வதெல்லாம் நான் அப்படிச் செய்து பழகிய முறை.

கம்பி வாங்குவது

நான் இருப்பது பெங்களூரு அல்சூரில். மெட்ரோவில் மெஜஸ்டிக் போய்ப் பச்சை லைன் மாறினால் அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை. அங்கிருந்து நடந்தால் அவென்யூ ரோடு, ராஜா மார்க்கெட், நகரத்பேட்டைச் சந்துகள். பத்தர்களுக்கான சாமான்களும் மணிகளும் அந்தப் பக்கம் கிடைக்கும். கடையில் வெறுமனே "கம்பி" என்று கேட்காதீர்கள். கன்னடத்தில் கம்பி என்றால் இரும்புக் கம்பி, ஜன்னல் கம்பிதான் ஞாபகம் வரும். "தந்தி" என்று கேளுங்கள், இந்தி பேசுபவர் கடையென்றால் "தார்".

அளவில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். நம் ஊர்க் கடைகளில் கம்பியின் கேஜ், அதாவது கனத்தைச் சொல்லும் எண், பெரும்பாலும் எஸ்.டபிள்யூ.ஜி. என்ற பிரிட்டிஷ் கணக்கு. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது அமெரிக்க கேஜ். இரண்டிலும் எண் ஒன்றாக இருந்தாலும் கனம் வேறு. அமெரிக்க 18 என்பது 1.02 மில்லிமீட்டர், நம் கடை 18 என்பது 1.22 மில்லிமீட்டர். அந்த வீடியோவைப் பார்த்து 18 வாங்கினால் கை வலிக்கும், வளைவும் சரியாக வராது. அமெரிக்க 18-க்கு நம் 19, அமெரிக்க 20-க்கு நம் 21 என்று எடுத்தால் அளவு பொருந்தும். எனக்கு எளிய வழி, மில்லிமீட்டரில் கேட்பதுதான்.

இந்த வழிகாட்டிக்கு இரண்டு கம்பி போதும்: 0.9 மில்லிமீட்டர் (நம் 20), 1.2 மில்லிமீட்டர் (நம் 18). இரண்டும் செம்பு. பித்தளை இன்னும் கொஞ்சம் விறைப்பு, கை பழகிய பிறகு எடுக்கலாம். அலுமினியம் வேண்டாம், நாலு நாளில் வாய் திறந்துவிடும். ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் மயங்க வேண்டாம். அதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோலில் அரிப்பும் சிவப்பும் வரும். பிறருக்குச் செய்து கொடுக்கும்போது இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். நிறம் பூசிய கம்பிகள் பார்க்க அழகு, சுத்தியல் பட்டால் பூச்சு உரிந்துவிடும்.

பழகுவதற்குக் காசு கொடுக்கவே தேவையில்லை. பழைய வீட்டு வயரிங்கில் ஒற்றைச் செம்புக் கம்பியாக இருக்கும் 1 ஸ்கொயர் எம்எம் வயரின் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டால் 1.13 மில்லிமீட்டர் கனத்தில் நல்ல மெதுவான செம்பு கிடைக்கும். எஸ்.பி. ரோடு பக்கம் மோட்டார் காயிலுக்கு விற்கும் கம்பியும் செம்புதான். ஆனால் அதன் மேல் எனாமல் பூச்சு உண்டு. அதை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள், வீட்டுக்குள் எரித்து எடுக்க வேண்டாம், அந்தப் புகை நல்லதல்ல.

கருவிகள்

வட்ட மூக்கு பிளையர் ஒன்று, பல் இல்லாத தட்டை மூக்கு பிளையர் ஒன்று, கட்டர் ஒன்று. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் நோஸ் பிளையரில் உள்பக்கம் பல் இருக்கும், செம்பில் தழும்பு விழும். அதுதான் இருக்கிறதென்றால் மூக்கில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஊசி அரம், 400-ம் 600-ம் எண் வாட்டர் பேப்பர், சின்னச் சுத்தியல், தட்ட ஒரு இரும்புப் பட்டடை. 8 மில்லிமீட்டர் சுற்றளவல்ல, 8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பேனா.

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் பட்டடைக்குக் கீழே பழைய ரப்பர் செருப்பை வெட்டி வையுங்கள், அதன் மேல் மடித்த துண்டு. கீழ்வீட்டில் மதியம் தூங்குபவர்களுக்குச் சத்தம் போகாது.

முதல் கொக்கி: இரட்டைக் கம்பி

ஒற்றைக் கம்பிக் கொக்கியைத்தான் எல்லோரும் முதலில் கற்றுத் தருவார்கள். நான் இரட்டையில் தொடங்கச் சொல்வேன். கம்பியை இரண்டாக மடித்துச் செய்வதால் கொக்கியின் நுனியில் வெட்டிய முனையே வராது. தோலில் கீறாது, புடவையில் மாட்டாது. மெல்லிய கம்பியிலேயே பலமும் வந்துவிடும்.

0.9 கம்பியில் 13 சென்டிமீட்டர் வெட்டுங்கள். பழைய பனியன் துணியால் இறுக்கிப் பிடித்து நாலைந்து முறை உருவினால் கோணல் நிமிரும். ஒரு முனையிலிருந்து 4 சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வைத்து, அந்த இடத்தை வட்ட மூக்கின் நுனியால் பிடித்து மடியுங்கள். இப்போது ஒரு கால் 4, மற்றது 9 சென்டிமீட்டர். தட்டை மூக்கால் மெதுவாக அழுத்தி இரண்டு கால்களையும் ஒட்டிக்கொண்டு வரச் செய்யுங்கள். மடிப்பு இருக்கும் இடத்தை மட்டும் முழுக்க நசுக்கிவிடாதீர்கள். ஊசிக் காது மாதிரி ஒரு சின்ன உருண்டை அங்கே இருக்கட்டும். நசுக்கினால் மடிப்பின் வெளிப்பக்கம் மெல்லிய விரிசல் விடும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு மாதம் கழித்து அங்கேயே ஒடியும்.

குட்டைக் காலை 3.6 சென்டிமீட்டருக்கு வெட்டி முனையை அரத்தால் மழுக்குங்கள். அந்த முனைக்குச் சற்று மேலே நீளக் காலைச் செங்குத்தாக வளையுங்கள். வளைத்த இடத்தை வட்ட மூக்கின் நடுப்பகுதியில் பிடித்து, உள்ளளவு 3 மில்லிமீட்டர் வரும்படி ஒரு வளையம் சுற்றுங்கள். வால் இப்போது இரண்டு கம்பிகளையும் குறுக்கே தாண்டி நிற்கும். வளையத்தைத் தட்டை மூக்கால் அப்படியே பிடித்துக்கொண்டு, வாலைக் கையால் இழுத்து இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கீழ்நோக்கி மூன்று சுற்று சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. குட்டைக் காலின் முனை அந்தச் சுற்றுக்குள் மறைந்துவிட வேண்டும். மிச்சத்தை ஒட்ட வெட்டி, வெட்டிய முனையைப் பிளையரால் உள்ளே அமுக்குங்கள்.

இந்தச் சுற்றுக்குத் தேவைப்படுவது 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். கூடுதல் 2 சென்டிமீட்டர் விரல் பிடிப்பதற்கு. கஞ்சத்தனம் பார்த்து அதைக் குறைத்தால் மூன்றாவது சுற்றில் பிடி கிடைக்காமல் சுற்று தளர்ந்து போகும்.

வளைக்கும் முன்பே தட்ட வேண்டும். இரண்டு கம்பிகளும் ரிப்பன்போலப் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் நிலையில் பட்டடை மேல் வைத்து, சுற்று இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, மீதி நீளம் முழுக்க லேசாகத் தட்டுங்கள். தட்டையாக்குவது நோக்கமல்ல. செம்பைத் தட்டத் தட்ட, வளைக்க வளைக்க அது விறைக்கிறது. உள்ளே இருக்கும் நுண்ணிய படிகங்களில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக நழுவ முடியாதபடி சிக்கிக்கொள்வதுதான் காரணம். நெருப்பில் காட்டினால் அந்த விறைப்பு போய் மறுபடி மெதுவாகிவிடும். கொக்கியின் உறுதி கம்பியோடு வருவதில்லை, நாம் தட்டி ஏற்றுவது அது.

இப்போது மடிப்பு நுனியை 3 மில்லிமீட்டருக்கு மட்டும் மேல்நோக்கி மெல்ல நிமிர்த்துங்கள், வாத்தின் மூக்கு மாதிரி. கண் உள்ளே வழுக்கிக்கொண்டு இறங்குவதற்கு இந்த நிமிர்வுதான் வழி காட்டும். பிறகு நிமிர்த்தியதற்கு எதிர்த் திசையில், இரண்டு கம்பிகளும் ஒரே நேரத்தில் பேனாவைத் தொடும்படி வைத்துக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் வளையுங்கள். ஒன்று முந்திக்கொண்டால் மற்றது மேலே ஏறிவிடும். நுனி, காம்பை (வளையத்தை ஒட்டிய நேரான பகுதியை) நோக்கி இறங்கி வந்து அதற்கு அரை மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். கண்ணின் கம்பி அந்தச் சந்தில் நுழையும்போது "டிக்" என்று ஒரு சின்னத் தடங்கல் கைக்குத் தெரிந்தால், கொக்கி சரியாக வந்திருக்கிறது.

கண்

கொக்கி மாட்டும் வளையத்தைக் கண் என்கிறோம். எட்டு வடிவத்தில் செய்வது நல்லது. 1.2 கம்பியில் 3.5 சென்டிமீட்டர் வெட்டி இரண்டு முனையையும் அரத்தால் சமமாக்குங்கள். ஒரு முனையில் உள்ளளவு 3 மில்லிமீட்டர் வளையம், மறுமுனையில் எதிர்த் திசையில் 5 மில்லிமீட்டர் வளையம். இரண்டு முனைகளும் நடுவில் வந்து கம்பியைத் தொட வேண்டும். சின்னது மணிப் பக்கம், பெரியது கொக்கிக்கு.

பெரிய வளையத்தின் வெளி விளிம்பைப் பட்டடையில் வைத்து ஏழெட்டுத் தட்டு தட்டுங்கள். கம்பி மேல் கம்பி ஏறும் நடு இடத்தில் மட்டும் சுத்தியல் படக் கூடாது, அங்கே அடித்தால் மேல்கம்பி கீழ்க்கம்பியை அறுத்துவிடும். நான் முதலில் செய்த கண்களில் பாதி இப்படித்தான் போனது.

அம்மாவுக்குச் செய்தபோது பெரிய வளையத்தை 8 மில்லிமீட்டராக வைத்தேன், கம்பி 4.5 சென்டிமீட்டர் எடுத்தது. கண் பெரிதானால் பார்வை மங்கியவர்களும் தடவிப் பார்த்தே மாட்டிவிடலாம். ஆனால் கொக்கியின் வளைவைவிட ரொம்பப் பெரிதாகிவிட்டால் கை ஆட்டும்போது தானாகக் கழன்றுவிடும். 8-ஐத் தாண்ட வேண்டாம்.

சோதித்துப் பாருங்கள்

மூன்று சோதனை. கொக்கியைப் பழைய நைலான் துப்பட்டா மேல் எல்லாப் பக்கமும் இழுங்கள். ஒரு நூல் மாட்டினாலும் அந்த இடத்தை 400, அப்புறம் 600 தாளால் தேய்த்து மறுபடி இழுங்கள். அடுத்து, கண்ணைக் கொக்கியில் மாட்டி, கண்ணிலிருந்து அரைக் கிலோ பருப்புப் பாக்கெட்டை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்தும் சந்து அதே அரை மில்லிமீட்டராக இருந்தால் சரி. விரிந்திருந்தால் தட்டியது போதவில்லை. மூன்றாவதுதான் முக்கியம்: இடது கையில் கட்டி வலது கையால் மட்டும் போட்டுக் கழற்றுங்கள். யாருக்காகச் செய்கிறோமோ அவரே செய்து பார்த்தால் இன்னும் நல்லது.

ஒற்றைக் கம்பிக் கொக்கி

கனமான கல் மணிகளுக்கு இது பார்க்கப் பொருத்தமாக இருக்கும். 1.2 கம்பியில் 6.5 சென்டிமீட்டர். ஒரு முனையை நன்றாக உருட்டி அரம் போட்டு, அதில் வெளிப்பக்கமாக 2 மில்லிமீட்டர் சுருள். மறுமுனையில் 3 மில்லிமீட்டர் வளையம், முனை கம்பியோடு ஒட்டி மூடியிருக்க வேண்டும். நடுவில் பேனாவில் வளைத்து, சுருளைக் காம்பருகே கொண்டுவாருங்கள்.

இதில் தட்டுவது வளைத்த பிறகு. கொக்கியைப் பட்டடையில் படுக்கவைத்து வளைவை மட்டும் தட்டையாக்குங்கள். கம்பி தட்டையாகும்போது பக்கவாட்டில் அகலம் கூடுகிறது. கொக்கி வாய் திறக்கப் பார்க்கும் திசையும் அதுவே. அதனால் விறைப்போடு இந்த அகலமும் சேர்ந்து அதைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கனத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் விளிம்பில் வெடிப்பு வரும். தட்டியதில் வாய் கொஞ்சம் விரிந்திருக்கும், பிளையரால் ஒருமுறை மூடிவிடுங்கள்.

வீட்டில் சின்ன பியூட்டேன் டார்ச் இருந்து, அதைக் கையாளத் தெரிந்தால் சுருளுக்குப் பதில் முனையில் ஒரு குண்டு உருக்கலாம். செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியஸில். கம்பியைச் சாமணத்தில் செங்குத்தாகப் பிடித்து, நீல ஜ்வாலையின் உள்கூம்பு நுனிக்குச் சற்று முன்னால் முனையைக் காட்டினால் அது தானாகச் சுருண்டு உருண்டையாகும். தண்ணீரில் போட்டு ஆற்றுங்கள். தலைமுடியைக் கட்டிக்கொள்வது, பருத்தித் துணி, திறந்த ஜன்னல், கீழே ஒரு டைல்ஸ், பக்கத்தில் தண்ணீர் எல்லாம் இருந்தால்தான் டார்ச்சைத் தொட வேண்டும். கறுத்த செம்பைப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும், பூஜைப் பாத்திரத்துக்குச் செய்வதுதான். நெருப்புப் பட்ட பகுதி மெதுவாகியிருக்கும் என்பதை மறக்காமல், வளைத்த பிறகு இன்னும் கூடுதலாகத் தட்டுங்கள்.

எஸ் கொக்கியும் டாகிளும்

கழுத்துச் சங்கிலியில் நாம் பார்த்துப் பழகிய எஸ் கொக்கிதான் இங்கேயும். 1.2 கம்பியில் 6 சென்டிமீட்டர், இரண்டு முனையும் சின்னச் சுருள், எதிரெதிர்த் திசையில் இரண்டு வளைவு. ஒரு பக்கத்தை வளையத்தில் கோத்து முழுக்க மூடிவிடுங்கள், மறுபக்கத்தில் மட்டும் அந்த அரை மில்லிமீட்டர் சந்து.

டாகிள் என்பது ஒரு வளையமும் குறுக்குக் குச்சியும். விரல் வலிமையே தேவையில்லாத பூட்டு. குச்சியின் நீளம், வளையத்தின் உள்ளளவைவிட 6 முதல் 8 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். 12 மில்லிமீட்டர் வளையத்துக்கு 20 மில்லிமீட்டர் குச்சி. பலர் தவறுவது அதற்கடுத்த இடத்தில். குச்சியை நுழைக்கும்போது அதை ஒட்டியிருக்கும் மணியும் வளையத்துக்குள் போக வேண்டும். குச்சிக்கு அடுத்து ஒன்றரை சென்டிமீட்டராவது மெல்லிய சங்கிலி அல்லது சின்ன மணிகள் இருந்தால்தான் குச்சி திரும்ப இடம் கிடைக்கும்.

மணியோடு சேர்ப்பது

மூடாத வளையத்தில் நேரடியாக நூலைக் கட்டாதீர்கள். செம்பின் வெட்டு முனை நூலை அறுக்கும், சந்து வழியாக நழுவவும் செய்யும். சுற்றி மூடிய வளையத்தில் அந்தப் பயம் இல்லை. எட்டு வடிவக் கண்ணுக்கு, நைலான் பூசிய எஃகு இழையை, பிளையரால் நசுக்கி இறுக்கும் குட்டி உலோகக் குழலான கிரிம்ப் மணியால் அமுக்கிச் சேர்க்கிறேன். ஜம்ப் ரிங் (வெட்டு உள்ள சின்ன இணைப்பு வளையம்) வைத்தால் அதைத் திறக்கும்போது இரண்டு முனையையும் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். விரித்துத் திறந்தால் மறுபடி வட்டம் வராது.

நீளக் கணக்கில் கொக்கியைச் சேர்க்க மறந்துவிடுவோம். மணிக்கட்டை ஒட்டி டேப் வைத்து அளந்து, ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கூட்டுங்கள். அதிலிருந்து கொக்கியும் கண்ணும் மாட்டிய நிலையில் எடுக்கும் நீளத்தைக் கழித்தால் மணி கோக்க வேண்டிய நீளம் கிடைக்கும். மேலே சொன்ன இரட்டைக் கொக்கிக்கு அது சுமார் 3 சென்டிமீட்டர். நான் இதைக் கழிக்காமல் கோத்துக் கொடுத்த ஒரு பிரேஸ்லெட் பஸ்ஸில் கையை இறக்கும்போதே நழுவி விழுந்தது என்று வாங்கியவர் சொன்னார். நல்லவேளை, பக்கத்தில் நின்றவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

செம்பு போட்டால் வியர்வையில் தோல் கொஞ்சம் பச்சையாகலாம். சோப்பில் போய்விடும். பிடிக்காதவர்களுக்கு 92.5 வெள்ளிக் கம்பியில் இதே அளவில் செய்யுங்கள். அதில் மீதி 7.5 பெரும்பாலும் செம்பு என்பதால் தட்டும்போது விறைப்பதும் இதே மாதிரிதான். செம்பில் பத்துக் கொக்கியாவது செய்து பார்த்த பிறகு வெள்ளியைத் தொடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொக்கி வாயின் இடைவெளியைப் பாருங்கள். விரிந்திருந்தால் பிளையரால் ஒருமுறை மூடலாம், இன்னொரு முறையும் மூடலாம். அதே இடத்தில் மூன்றாவது முறை வளைக்க வேண்டி வந்தால் விட்டுவிடுங்கள், அந்தச் செம்பு ஒடிவதற்குத் தயாராக இருக்கும். கம்பிச் சுருளிலிருந்து இன்னொரு 13 சென்டிமீட்டர் வெட்டுங்கள்.